காஞ்சிபுரம் என்றொரு கப்பலும் சில பிளாஸ்டிக் வாளிகளும்

காஞ்சிபுரம் என்றால் பட்டு, கோயில், இட்லி. இந்த மூன்றையும் தாண்டி அந்தப் பெயர் ஒரு தடவை நாடு முழுக்க டிவியில் ஓடியது. 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று சமையல் வாயுவை இறக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்த 'பி.டபிள்யூ. மேப்பிள்'. இன்னொன்று பெட்ரோலியப் பொருட்களை ஏற்றிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்த ஒரு டேங்கர். அந்த டேங்கரின் பெயர்தான் 'டான் காஞ்சிபுரம்'.

கடலே இல்லாத ஊரின் பெயரை ஒரு கப்பலுக்கு வைத்த புண்ணியவான் யாரோ! ஆனால் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு கடற்கரை இருந்தது. (2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கடலும் அவர்கள் பக்கம் போய்விட்டது.) எண்ணூரில் கொட்டிய எண்ணெயால் பாதிக்கப்பட்டவர்களில் திருவள்ளூர், சென்னை மீனவர்களோடு அன்றைய காஞ்சிபுரம் மாவட்ட மீனவர்களும் உண்டு. ஆக, பெயரில் மட்டும் இல்லை, விஷயத்திலும் இந்த மாவட்டத்துக்கு பங்கு இருந்தது.

அந்த நாட்களில் வந்த படங்களை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எர்ணாவூர் பாறைகளின் மேல் நின்றுகொண்டு, முழங்கால் வரை கறுப்புக் குழம்பில் மூழ்கி, வரிசையாக ஆட்கள். மீனவர்கள், கூலி ஆட்கள், கடலோரக் காவல்படையினர், லீவு போட்டுவிட்டு வந்த கல்லூரி மாணவர்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு போவது என்ன தெரியுமா? பிளாஸ்டிக் வாளி. வீட்டில் குளிக்க வைத்திருக்கும் அதே வாளி.

செவ்வாய் கிரகத்துக்கு மங்கள்யான் அனுப்பி மூன்று வருடம் ஆன நாட்டில் ஏன் வாளி? இந்த கேள்வியை கிண்டலாக கேட்டுவிட்டு போகிறவர்கள் நிறைய. கொஞ்சம் நின்று பதில் தேடினால் எண்ணெய்த் தொழிலின் கதையே அதில் தெரியும்.

முதலில் தொழில்நுட்பக் காரணம். கடலில் கொட்டியது பெட்ரோல் இல்லை. பெட்ரோலாக இருந்திருந்தால் பெரும்பகுதி ஆவியாகிப் போயிருக்கும் (தீப்பிடிக்கும் ஆபத்து வேறு). கொட்டியது கப்பல் தன் எஞ்சினுக்காக வைத்திருந்த கனரக எரிஎண்ணெய். தார் போல கெட்டியானது. அலை அடிக்க அடிக்க அது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு ஊதும், கூழ் மாதிரி ஆகும். 1 டன் கொட்டினால் அள்ள வேண்டியது 1 டன் இல்லை, அதைப் போல சில மடங்கு. சாக்கடை அடைப்பு எடுக்கும் பெரிய உறிஞ்சு லாரிகளை கொண்டுவந்தார்கள். அந்தக் கூழை இழுக்க அவை திணறின. எண்ணெயை தண்ணீர் மேலிருந்து வழித்தெடுக்கும் கருவிகள் உண்டு, ஆனால் அவை வேலை செய்வது திறந்த நீர்ப்பரப்பில். எர்ணாவூரில் எண்ணெய் போய் உட்கார்ந்தது கடலரிப்பு தடுக்க கொட்டிய கருங்கற்களின் இடுக்கில்.

சரி, அப்படியானால் வாளி தவிர வேறு வழியே இல்லை என்று ஆகிவிடுமா? இல்லை. எண்ணெய் பாறை இடுக்குக்கு வருவதற்கு முன்னால் கடலில் மிதந்த நேரம் ஒன்று இருக்கிறது. அப்போது மிதக்கும் தடுப்புகளை போட்டு வளைத்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். அந்த முதல் சில மணி நேரங்கள்தான் எல்லாமே. ஆனால் அந்த நேரத்தில் வெளியே வந்த செய்தி என்ன? பெரிய சேதம் இல்லை, கவலைப்பட ஏதும் இல்லை என்பது. அப்புறம் சில டன் என்றார்கள், அப்புறம் இருபது என்றார்கள். கடைசியில் வந்த மதிப்பீடு ஏறக்குறைய 200 டன். எவ்வளவு கொட்டியது என்பதை ஒத்துக்கொள்ளாத இடத்தில் எந்த இயந்திரம் வந்து என்ன செய்யும்?

இன்னொரு விஷயம். எண்ணெய்க் கசிவுக்கென்று தேசிய அளவில் ஒரு திட்டம் 1996-லிருந்தே இருக்கிறது. கடலோரக் காவல்படைதான் அதற்கு பொறுப்பு. அதன்படி 700 டன் வரை கொட்டினால் அது முதல் படி. அதாவது உள்ளூரிலேயே, துறைமுகமும் எண்ணெயை கையாளும் நிறுவனங்களும் தங்கள் கையில் இருக்கும் கருவிகளை வைத்தே சமாளித்துவிட வேண்டிய சின்ன விபத்து! 200 டன் என்பது அந்தக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

போகட்டும், ஒரு தடவை பட்டால் புத்தி வரும் என்று பார்த்தால், 2023 டிசம்பர் வந்தது. மிக்ஜாம் புயல் மழையில் மணலி மூழ்கியது. வெள்ளத்தோடு சேர்ந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து படிந்தது. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்கு கறுப்புக் கோடு. படகு, வலை, சதுப்புநில மரங்களின் வேர், கூழைக்கடாக்களின் இறக்கை எல்லாம் கறுப்பு. எண்ணெய் சிபிசிஎல் வளாகத்திலிருந்து மழைநீரோடு வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. தங்கள் குழாய் எதுவும் உடையவில்லை என்று நிறுவனம் சொன்னது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது முகத்துவாரத்தில் படகில் உட்கார்ந்து எண்ணெயை அள்ளியவர்கள் அதே மீனவர்கள். கையில் இருந்தது மறுபடியும் வாளியும் குவளையும்தான்.

ஆறு வருடத்தில் செல்போன் மூன்று தலைமுறை மாறிவிட்டது. வாளி மாறவில்லை.

இதற்காக எண்ணெய்த் துறை தொழில்நுட்பத்தில் பின்தங்கிய துறை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் வேடிக்கையே இருக்கிறது. பூமிக்கு அடியிலிருந்து எடுக்கும் விஷயத்தில் இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. நிலத்தில் அதிர்வு உண்டாக்கி, அது பாறையில் பட்டு திரும்பி வரும் எதிரொலியை ஆயிரக்கணக்கான காதுகளால் கேட்டு, சில கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் பாறை மடிப்புகளை கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படமாக போட்டுவிடுகிறார்கள். நேராக கீழே போகும் துளையை பாதியில் வளைத்து, படுக்கையாக கிலோமீட்டர் கணக்கில் ஓட்டுகிறார்கள். துளைக்கும் முனைக்கு பின்னாலேயே அளவுக் கருவிகள் உட்கார்ந்துகொண்டு, எந்தப் பாறையில் இருக்கிறோம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மேலே சொல்லிக்கொண்டே போகும்.

கிழக்குக் கடலில் கிருஷ்ணா கோதாவரி படுகையை பாருங்கள். ரிலையன்ஸும் பிபியும் 2020 டிசம்பரில் வாயு எடுக்க ஆரம்பித்த ஆர் கிளஸ்டர் வயலில் கடல் ஆழம் 2000 மீட்டருக்கு மேல். அங்கே மனிதன் இறங்க முடியாது. அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கு. தண்ணீர் ஏறக்குறைய ஐஸ் மாதிரி குளிர்ச்சி. அந்தக் குளிரிலும் அழுத்தத்திலும் இயற்கை வாயுவும் தண்ணீரும் சேர்ந்தால் பனிக்கட்டி போல ஒரு திடப்பொருள் உருவாகி குழாயை அடைத்துவிடும். அதை தடுக்க கரையிலிருந்து தனிக் குழாயில் கிளைக்கால் அனுப்பி கிணற்று வாயிலேயே கலக்கிறார்கள். வால்வை திறப்பது மூடுவது எல்லாம் கரையில் உட்கார்ந்திருக்கும் ஆள். அருகிலேயே இன்னொரு பிளாக்கில் ஓஎன்ஜிசி 2024 ஜனவரியில் ஆழ்கடல் எண்ணெயை எடுக்க ஆரம்பித்தது.

இதிலும் சறுக்கல் உண்டு. அதே படுகையில் கேஜி-டி6 வயல் 2009-ல் தொடங்கியபோது நாளைக்கு 8 கோடி கன மீட்டர் வரும் என்று கணக்கு போட்டார்கள். 2010-ல் 6 கோடியை தொட்டது. பிறகு கிணறுகளில் தண்ணீரும் மணலும் புகுந்து, மூன்று நான்கு வருடத்தில் கால் பங்குக்கும் கீழே விழுந்தது. பூமி ஏமாற்றிவிட்டது என்று நிறுவனமும், தோண்ட வேண்டிய அளவு கிணறு தோண்டவில்லை என்று அரசும் வருடக்கணக்கில் சண்டை போட்டன. ஆனால் கவனியுங்கள், அந்தத் தோல்விக்கு பதிலாக இன்னும் ஆழமாக போகும் தொழில்நுட்பம் வந்தது, அதற்கு பணமும் வந்தது. எடுக்கும் பக்கத்தில் தோற்றால் அடுத்த முதலீடு வரும். கசியும் பக்கத்தில் தோற்றால் வாளி வரும். பிரச்சினை இதுதான்.

தீயணைப்பிலும் இதே கதை. 1995 ஜனவரியில் ஆந்திராவின் பாசர்லபூடியில் ஓஎன்ஜிசி கிணறு வெடித்து 65 நாள் எரிந்தது. அணைக்க அமெரிக்காவிலிருந்து ஆள் வந்தார்கள். 25 வருடம் கழித்து 2020 மே 27-ல் அஸ்ஸாமின் பாக்ஜானில் ஆயில் இந்தியா கிணறு வெடித்தது, ஜூன் 9-ல் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். இந்தத் தடவை சிங்கப்பூரிலிருந்து நிபுணர்கள், கனடாவிலிருந்து விமானத்தில் ஒரு ராட்சதக் கருவி. கிணறு அடங்கியது நவம்பர் 15. ஐந்தரை மாதத்துக்கு மேல்! கிணறு தோண்டும் ரிக் ஊருக்கு ஊர் இருக்கும் நாட்டில் கிணற்றை அடக்கும் கருவி மட்டும் கப்பல், விமானம் ஏறி வர வேண்டியிருக்கிறது.

இப்போது தமிழ்நாட்டுக்கு, டெல்டாவுக்கு வரலாம்.

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடல் ஆரம்பித்தது 1950-களின் கடைசியில். நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது 1980-களில். 1993-ல் நாகப்பட்டினம் பனங்குடியில் ஒரு சின்ன சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. ஆக அங்கே இருக்கும் கிணறுகளிலும் குழாய்களிலும் பல, இதை படிக்கும் பல பேரைவிட வயதில் மூத்தவை. அந்த வயதுதான் அங்கே உண்மையான தொழில்நுட்பச் சவால்.

எண்ணெய் வயலுக்கு வயதானால் எண்ணெயோடு வரும் தண்ணீர் அதிகமாகும். சில கிணறுகளில் எண்ணெயைவிட தண்ணீர்தான் அதிகம் வரும். அந்தத் தண்ணீர் உப்பு. கூடவே கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும், அதாவது ஒரு மாதிரி உப்பு சோடா. ஓட்டம் வேகமாக இருந்தால் எல்லாம் கலந்து போய்விடும். கிணறு வற்ற வற்ற ஓட்டம் மெதுவாகும், தண்ணீர் பிரிந்து குழாயின் அடிப்பக்கத்தில் தங்கும். பள்ளமான இடங்களில் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். அங்கேதான் இரும்பு அரிக்கும். வெளியே இருந்து பார்த்தால் குழாய் புதுசு மாதிரி இருக்கும், மேல்பூச்சுகூட உரிந்திருக்காது. உள்ளே அடிப்பாகம் தாள் போல மெலிந்திருக்கும்.

2017 ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் ஒன்று கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. ஊர் மக்கள் திரண்டு கலெக்டர் வர வேண்டும் என்றார்கள். வைக்கோலில் தீ, போலீஸ் தடியடி, கைதுகள். அதற்கு அப்புறம் அந்த ஊரில் பல மாதம் போராட்டம். நிறுவனத்தின் பார்வையில் அது சிறிய கசிவு, சில மணி நேரத்தில் சரிசெய்யக்கூடியது. ஊரின் பார்வையில் காலுக்கு கீழே என்ன ஓடுகிறது, எப்போது உடையும் என்று யாரும் சொல்லாத பயம். யார் சொன்னது சரி என்றால், இரண்டும் சரி. ஆனால் முதல் சரியை வைத்து இரண்டாவது சரியை தள்ளிவிட முடியாது.

ஏனென்றால் அதற்கு மூன்று வருடம் முன்னால், 2014 ஜூன் 27-ல், கோதாவரி டெல்டாவில் நகரம் என்ற கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் எரிந்து போனார்கள். (ஊரின் பெயர் நகரம். கிராமம்தான்.) உலர்ந்த வாயுவுக்காக போட்ட குழாயில் ஈரமும் கலந்த வாயு வருடக்கணக்கில் போயிருக்கிறது. ஈரம் அடியில் தங்கி அரித்திருக்கிறது. விடியற்காலையில் கசிந்த வாயு ஊர் முழுக்க பரவி, எங்கோ ஒரு அடுப்பு பற்றவைத்ததும் எல்லாம் முடிந்தது. நீண்டதூரக் குழாய்களில் போகும் இயற்கை வாயுவுக்கு மணமே கிடையாது. சமையல் சிலிண்டரில் வருகிற அந்த நாற்றம் பிற்பாடு சேர்ப்பது. அதனால் மூக்கு எச்சரிக்கவில்லை.

இதை கண்டுபிடிக்க தொழில்நுட்பம் இல்லையா? இருக்கிறது, அதுவும் அருமையாக இருக்கிறது. குழாய்க்குள்ளேயே ஓடும் ஒரு கருவி உண்டு. பெயர் 'பிக்', அதாவது பன்றி! வலுவான காந்தங்களை சுமந்துகொண்டு எண்ணெயோடு எண்ணெயாக போகும். குழாய்ச் சுவர் முழுமையாக இருக்கும் இடத்தில் காந்தப்புலம் இரும்புக்குள்ளேயே அடங்கியிருக்கும். எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே புலம் வெளியே கசியும். அந்தக் கசிவை பதிவு செய்துகொண்டே போய், மறுமுனையில் வெளியே வந்ததும், இத்தனாவது கிலோமீட்டரில் அடிப்பக்கம் இத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று ஜாதகம் மாதிரி சொல்லிவிடும். இந்தியன் ஆயிலும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து இதை உள்நாட்டிலேயே தயாரித்தும் இருக்கின்றன. புடவையை கிழிக்காமல் ஜரிகையில் எவ்வளவு தங்கம், எவ்வளவு வெள்ளி என்று எக்ஸ்ரே கருவியில் வைத்து பார்க்கிறார்களே, கிட்டத்தட்ட அதே யோசனை. பொருளை கெடுக்காமல் உள்ளே பார்ப்பது.

சிக்கல் எங்கே என்றால், இந்தப் பன்றியை உள்ளே விடவும் வெளியே எடுக்கவும் குழாயின் இரண்டு முனையிலும் தனி வாசல் வேண்டும். குழாய் ஒரே அகலமாக இருக்க வேண்டும், வளைவுகள் குறுகலாக இருக்கக் கூடாது. கிணற்றிலிருந்து சேகரிப்பு நிலையத்துக்கு போகும் பழைய சின்னக் குழாய்களில் இதெல்லாம் பெரும்பாலும் இருக்காது. போட்ட காலத்தில் யாரும் யோசிக்கவில்லை. பெரிய குழாய்க்கு ஜாதகம் எழுதும் கருவியால் வயலுக்கு நடுவே ஓடும் சின்னக் குழாயை பார்க்க முடியாது. இதற்கும் புதிய கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன. சுருங்கி விரியும் பன்றிகள், தானே ஊர்ந்து போகும் ரோபோக்கள். அது முடியாவிட்டால் குழாயையே மாற்றலாம், அரிக்காத பிளாஸ்டிக் கலவைக் குழாய் போடலாம்.

குழாயோடு சேர்த்து புதைக்கும் கண்ணாடி இழைக் கம்பி இன்னொன்று. அதில் லேசர் ஒளியை அனுப்பிக்கொண்டே இருந்தால், வழியில் எங்கே மண் அதிர்ந்தாலும், எங்கே வெப்பம் மாறினாலும் திரும்பி வரும் ஒளியில் அது தெரியும். பல கிலோமீட்டர் நீளத்துக்கு காது வைத்த மாதிரி. இந்தியாவில் இது வந்துவிட்டது. எதற்காக முதலில் வந்தது? குழாயில் துளை போட்டு எண்ணெய் திருடுகிறவர்களை பிடிக்க! திருட்டு போனால் நஷ்டம் கம்பெனிக்கு. தானாக கசிந்தால் நஷ்டம் யாருக்கு? எந்தக் கருவி எந்த வேலைக்கு முதலில் வாங்கப்படுகிறது என்பதை கவனித்தாலே போதும், மிச்சம் புரிந்துவிடும்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. இதை எஞ்சினியர்கள் விஷயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம், ஏனென்றால் பூட்டு இருப்பது கணக்குப் புத்தகத்தில். கிணறு தோண்டும்போதே, ஒருநாள் அதை மூட வேண்டும் என்பதும் தெரியும். மூடுவது என்றால் மேலே ஒரு தகடு வைப்பது இல்லை. உள்ளே பல இடங்களில் சிமெண்ட் அடைப்பு போட்டு, இரும்பை வெட்டி, நிலத்தை பழைய மாதிரி ஆக்கித் தர வேண்டும். அந்தச் செலவை இன்றே கணக்கில் காட்ட வேண்டும் என்று கணக்கியல் தரநிலைகள் சொல்கின்றன. 1961 வருமான வரிச் சட்டத்தில் 33ஏபிஏ என்று ஒரு பிரிவு இருந்தது நினைவிருக்கும். எண்ணெய், வாயு எடுக்கும் நிறுவனம் நிலத்தை சீரமைக்க தனிக் கணக்கில் பணம் போட்டால், லாபத்தில் 20 சதவீதம் வரை கழிவு. டீ, காப்பி, ரப்பர் தோட்டங்களுக்கான 33ஏபி-க்கு அடுத்தாற்போல வரும். பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்துவிட்டு எல்லோரும் மறந்துபோகும் பிரிவு!

ஆனால் எதிர்காலச் செலவை இன்றைய மதிப்புக்கு கொண்டுவரும்போது என்ன ஆகிறது? 20 வருடம் கழித்து 1 கோடி ரூபாய் செலவு என்று வையுங்கள். 8 சதவீதத்தில் தள்ளுபடி செய்தால் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 21 லட்சம். மூடுவதை இன்னும் 10 வருடம் தள்ளிப்போட்டால் 10 லட்சம். கிணற்றுக்கு வயது ஏறுகிறது, குழாய் அரிக்கிறது, ஆனால் தள்ளிப்போடத் தள்ளிப்போட கணக்கில் சுமை குறைகிற மாதிரி தெரிகிறது. இதில் மோசடி ஏதும் இல்லை, எல்லாம் விதிப்படிதான். அதுதான் பயமாக இருக்கிறது. புதிய கிணறு வருமானப் பக்கம், பழைய குழாயை மாற்றுவது செலவுப் பக்கம். வருட முடிவில் எது முதலில் வெட்டப்படும் என்று சொல்ல பி.காம் முதலாண்டு போதும்.

இதற்கு பதிலாக, எதுவும் வேண்டாம், எல்லாவற்றையும் நிறுத்து என்கிறார்கள் ஒரு சாரார். அந்தக் கோபம் நியாயமானது. மன்னார்குடி மீத்தேன் திட்டமும் 2017 நெடுவாசல் திட்டமும் மக்களிடம் பேசாமலேயே வந்தவை. 2020-ல் டெல்டாவை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி சட்டம் வந்தது, புதிய எண்ணெய், வாயு திட்டங்களுக்கு தடை. நல்ல சட்டம். ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவற்றை அது தொடவில்லை. தடை போட்டவுடன் பிரச்சினை முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்கு போய்விட்டார்கள், பழைய குழாய் மட்டும் அங்கேயே கிடக்கிறது. புதிய முதலீடு வராத வயலில் பழைய குழாயை மாற்ற யார் பணம் போடுவார்கள்? தடையை ஆதரிப்பவர்கள்தான் இந்தக் கேள்வியை இன்னும் உரக்க கேட்க வேண்டும்.

திருவாரூர் மாவட்டம் பெரியகுடியில் நடந்தது இன்னும் விநோதம். 2013-ல் அங்கே ஒரு கிணற்றில் அதிக அழுத்த வாயு கட்டுப்பாடு மீறி, கிணற்றை அப்போதைக்கு மூடினார்கள். பிறகு அதை நிரந்தரமாக மூட வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, மூடுகிறேன் என்ற பெயரில் மறுபடி திறக்கப் பார்க்கிறார்கள் என்று விவசாயிகள் சந்தேகப்பட்டார்கள். ஆபத்தை குறைக்க வரும் இயந்திரத்தைக்கூட ஊர் நம்பாத நிலை. இந்த நம்பிக்கையை எந்த நாட்டிலிருந்தும் விமானத்தில் இறக்குமதி செய்ய முடியாது.

நாடு கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது, அதனால் உள்நாட்டில் கிடைப்பதை விடக் கூடாது என்ற வாதமும் உண்டு. ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இறக்குமதி செய்வதும் கப்பலில்தான் வருகிறது, குழாயில்தான் போகிறது. உள்நாட்டு எண்ணெயோ வெளிநாட்டு எண்ணெயோ, கசிவு ஒன்றுதான்.

காஞ்சிபுரத்துக்காரர்கள் இதை ஏன் படிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், குழாய் இங்கேயும் வந்துவிட்டது என்பதுதான் பதில். எண்ணூரில் இந்தியன் ஆயிலின் திரவ இயற்கை வாயு முனையம் 2019-ல் தொடங்கியது, ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளக்கூடியது. கப்பலில் மைனஸ் 160 டிகிரிக்கும் கீழே குளிர்வித்து கொண்டுவரும் வாயுவை அங்கே மறுபடி வாயுவாக்கி குழாயில் விடுகிறார்கள். காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு நகர எரிவாயு உரிமம் பெற்றது ஏஜி அண்ட் பி பிரதம். ஆட்டோவுக்கு சிஎன்ஜி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு வாயு, வீட்டு அடுப்புக்கு குழாய். விறகில் கொதிக்கும் சாயப்பட்டறை பாத்திரங்களுக்கும் ஒருநாள் இது வரலாம். வந்தால் பட்டறை ஆட்களின் கண்ணும் நுரையீரலும் பிழைக்கும். வரட்டும்.

இங்கே ஒரு வசதி இருக்கிறது. குழாய் புதுசு. நகரத் தெருக்களில் போடுவது அரிக்காத பிளாஸ்டிக் குழாய், ஊருக்குள் நுழையும் நிலையத்திலேயே வாயுவுக்கு மணம் சேர்த்துவிடுவார்கள். நகரம் கிராமத்தில் இல்லாத இரண்டு விஷயமும் இங்கே முதல் நாளிலிருந்தே உண்டு. இந்தக் குழாய்க்கு எதிரி துரு இல்லை, ஜேசிபி. இன்று குடிநீர்க்காரன் தோண்டுவான், நாளை கேபிள்காரன், மறுநாள் பாதாளச் சாக்கடை. திருவிழாக் கூட்டத்தில் ராஜ வீதியில் நடக்கவே இடம் இருக்காது, அந்த நாளில் ஒரு பல் பட்டால் என்ன செய்வது?

ஆகவே வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாம், நகராட்சியாக இருந்து மாநகராட்சியாகிவிட்ட அலுவலகத்தில் கேட்கலாம். தெருவில் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழத்தில் குழாய் போகிறது என்ற வரைபடம் தோண்டும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறதா? வால்வு எத்தனை மீட்டருக்கு ஒன்று? வழியில் நட்டிருக்கும் அடையாளப் பலகையில் ஒரு போன் நம்பர் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த நம்பரை கூப்பிட்டால் யார் எடுப்பார்கள், எத்தனை நிமிடத்தில் வால்வு மூடப்படும்? கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தார்கள்? கூப்பிட காசு செலவில்லை. பலகையை பார்த்தால் நம்பரை குறித்துக்கொள்ளுங்கள்.